வண்டிக்குச் சங்கிலி போதும், கரண்ட் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு பைக் காணாமல் போயின. உடனே எதிர்வீட்டு அண்ணன், ராத்திரியில் வண்டிக்குக் கரண்ட் கொடுத்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஒயரே வாங்கி வைத்திருந்தார். விடியற்காலையில் பால் பாக்கெட் போட வருகிற பையன் கை வைத்தால் என்ன ஆகும்? காட்டுப்பன்றிக்குப் போட்ட மின்வேலியில் மனுஷன் செத்த செய்தியை எத்தனை தடவை படித்திருக்கிறோம்? செத்தது திருடனாகவே இருந்தாலும் கேஸ் அண்ணன் மேல்தான் என்று சொன்ன பிறகுதான் அடங்கினார்.

சைடு லாக்கை மட்டும் நம்புவதுதான் நாம் செய்கிற தப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் என் வண்டியும் அப்படித்தான் போனது. பக்கத்துக் கடை கேமராவில் பார்த்தேன். ஒருத்தன் வண்டியில் உட்கார்ந்து ஹேண்டிலைக் காலால் ஓங்கி ஓர் உதை விட்டான், லாக் உடைந்தது. ஸ்டார்ட் கூடச் செய்யவில்லை, கூட்டாளி பின்னாலேயே இன்னொரு வண்டியில் வந்து காலால் தள்ளிக்கொண்டே போய்விட்டான். முழுசாக ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. பின்சக்கரத்தையும் கேட் கம்பியையும் சேர்த்து ஒரு தடிமனான சங்கிலி போட்டிருந்தால் அவன் அடுத்த வண்டியைப் பார்த்துப் போயிருப்பான். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது, கிடந்தால் அப்படியே சுத்தியலால் அடித்து உடைத்துவிடுவார்கள். ஆர்.சி. ஒரிஜினலை வண்டிப் பெட்டிக்குள் வைத்துத் திருடனுக்குத் தாரை வார்க்காதீர்கள், போலீஸ் கேட்டால் போனில் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் காட்டினால் போதும்.

அப்புறம் புகார். ஸ்டேஷனில் எனக்கு, புகாரை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் எழுதிக் கொடுத்து "தேடுறோம், போங்க" என்றார்கள். நானும் வந்துவிட்டேன். இன்சூரன்ஸில் அந்த ரசீது செல்லாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்றார்கள், கூடவே இரண்டு சாவியும் கேட்டார்கள் (இரண்டாவது சாவியைத் தேடிய கதை தனி). எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம். போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், இன்சூரன்ஸுக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டவர்களுக்கு வண்டி திருடு போனால் ஒரு பைசா வராது.

சரி, திருடன் கையும் களவுமாகச் சிக்கினால்? கம்பத்தில் கட்டி ஆளாளுக்கு அடிப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது, அதை வீடியோ வேறு எடுக்கிறார்கள். கண்ணெதிரே திருடுபவனைப் பிடித்து வைக்க நமக்கு உரிமை உண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு, அப்படிப் பிடித்தவனைத் தாமதிக்காமல், எப்படியும் 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்கச் சொல்கிறது. பிடித்ததும் 100-க்கோ 112-க்கோ போன் போடுங்கள். அடித்து அவன் செத்துப்போனால், வீடியோவில் முகம் தெரிகிற எல்லாரும் கொலை கேஸில் நிற்க வேண்டியதுதான். ஜி.பி.எஸ். வண்டி இருக்கும் இடத்தைக் காட்டினாலும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நாமே போகாமல் போலீசிடம் காட்டுவது நல்லது.

அண்ணன் வாங்கிய ஒயரில் இப்போது அவர் வாசலில் ஒரு பல்பு எரிகிறது. சங்கிலி வாங்கத்தான் இன்னும் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி