கைக்கணக்கு

கல்லிடைக்குறிச்சி
மார்கழி 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று உன் அம்மாவும் நானும் கன்னடியன் கால்வாய்க் கரையோடு வெகுதூரம் நடந்தோம். முட்டி வலிக்காரியை இழுத்துக்கொண்டு போனேன் என்று சண்டைக்கு வராதே, அவள்தான் முன்னால் போனாள். கரை நொதநொதவென்று கிடந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பாட்டுக்கு நடந்தாள். ஷூ போட்டிருந்த நான்தான் வழுக்கி உட்கார்ந்தேன். இதற்குள் போனில் சொல்லியிருப்பாள், சரி விடு.

பிசான நெல் பொதி கட்டி நிற்கிறது. பசு போன வழியே வெட்டின கால்வாய் என்று ஆச்சி கதை சொல்வாளே, கரை வளைந்து வளைந்து போவதைப் பார்த்தால் அந்தப் பசுவுக்கு அவசரமே இருந்திருக்காது.

திரும்பும்போது ஒரு தோட்டத்தில் சிறுகிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா விடுவாளா? மண்ணோடு இரண்டு கிலோ. சுமந்தது நான். வீட்டுக்கு வந்ததும் ஈரச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, முற்றத்தில் அடித்து உருட்டச் சொன்னாள். முக்கால்வாசித் தோல் அதிலேயே போய்விட்டது. மிச்சத்தைக் கத்தியால் சுரண்டியதில் விரலெல்லாம் கறுத்து, இதை எழுதும்போதும் போகவில்லை. சுண்டுவிரல் நுனி அளவுக் கிழங்கைக்கூடத் தூரப்போட விடவில்லை.

அப்புறம் முக்கியமான விஷயம். உளுந்தஞ்சோற்றுக்கு அளவு கேட்டால் "எல்லாம் கைக்கணக்குதான்" என்கிறாள் என்று போன வாரம் அலுத்துக்கொண்டாயே. நேற்று அவள் கை போட்டதையெல்லாம் நடுவில் வாங்கி டம்ளரில் அளந்தேன். திட்டினாள். எழுதிக்கொள்: அரிசி இரண்டு டம்ளர், தொலி உளுந்து ஒரு டம்ளர். உளுந்தை மட்டும் வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுக்கவேண்டும். வெந்தயம் ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், பூண்டு இருபது பல், சுக்கு ஒரு துண்டு தட்டிப் போட்டது. தண்ணீர் எட்டு டம்ளர். குக்கரில் நாலு விசில். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், கூட சிறுகிழங்குப் பொரியல். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்காலம் பனங்கிழங்கு வேறு அவித்தாள், அதற்கு வயிற்றில் இடமில்லை.

தேங்காய் மட்டும் கணக்கில் வரவில்லை. நான் டம்ளரோடு திரும்புவதற்குள் அள்ளிப் போட்டுவிட்டாள். அரைமூடிக்கு மேல் இருக்கும், ஒரு மூடி இல்லை.

அன்புடன்,
அப்பா