பதில் வராத பக்கம்

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் பாதி, வெயில் பாதி. நம்ம ஊர் மே மாதம் உனக்குத் தெரியாததா! அப்பா நலம். மூட்டு வலித்தாலும் காலையில் கோட்டைப் பக்கம் நடப்பதை மட்டும் விடவில்லை.

உங்கள் டெஸ்டிங் டீமில் இரண்டு பேரைக் குறைத்துவிட்டார்கள், ரிலீஸ் தேதி மட்டும் நகரவில்லை என்று புலம்பியிருந்தாய். சிரிப்புதான் வந்தது, தப்பாக நினைக்காதே. எங்கள் ஆபீசில் டெஸ்டிங் டீம் என்றால் நான் ஒருவன், ஐந்து போன், 4 ஜிபி ராம் உள்ள ஒரு பழைய லேப்டாப். அவ்வளவுதான்.

பால் சொசைட்டிகளுக்கு நாங்கள் ஒரு ஆப் செய்கிறோம் அல்லவா, அதில் ஒரு வம்பு வந்தது. ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு ஊரில் ஒருவர் ஊற்றிய 6 லிட்டர், கணக்கில் இரண்டு தடவை ஏறியிருந்தது. ஆபீசில் எத்தனை முறை பார்த்தாலும் சரியாகவே வருகிறது. ஒடுகத்தூர் வழியாக இரண்டு நாள் மலைக்குப் போய் வந்தேன். அலைச்சல்தான் மிச்சம்.

மலையில் சிக்னல் மோசம், அதுதான் காரணமோ என்று அப்புறம்தான் அந்த லேப்டாப்பை போன்களுக்கும் சர்வருக்கும் நடுவில், தரவைக் கடத்திவிடும் ரவுட்டராக உட்கார வைத்தேன். லினக்ஸில் டிசி என்ற கட்டளையோடு நெட்எம் வருகிறது, நெட்வொர்க்கை வேண்டுமென்றே கெடுத்துக் காட்டும் வசதி, காசு கிடையாது. 300 மில்லி செகண்ட் தாமதம், 5 சதவீதம் பாக்கெட் இழப்பு, அதாவது அனுப்பும் தரவுத் துண்டுகளில் அவ்வளவு தொலையட்டும் என்று சொன்னால் போதும், மலைமேல் சிக்னல் மேஜைக்கே வந்துவிடும். வந்தது, ஆனால் பிழை வரவில்லை. என் தப்புதான். நெட்எம் ஒரு நெட்வொர்க் கார்டிலிருந்து வெளியே போவதைத்தான் கெடுக்கும். நான் சர்வர் பக்கக் கார்டில் மட்டும் போட்டிருந்தேன். போன் அனுப்புவது தடுமாறியது, சர்வரின் பதிலோ ராஜபாட்டையில் வந்தது. அது மட்டுமில்லை, 5 சதவீதம் இழப்பை, தரவு போய்ச் சேருவதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபியே மறுபடி அனுப்பிச் சமாளித்துவிடும், ஆப்புக்குக் கொஞ்சம் மெதுவாகத் தெரியும், அவ்வளவே.

அதனால் சர்வர் தன் வேலையை எழுதிவைக்கும் லாக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். பதிவு உள்ளே வந்த மறுகணம், பதில் திரும்பும் பக்கம் 100 சதவீதம் இழப்பு. போன் 30 நொடி காத்திருந்தது, பதில் இல்லை. வழியைத் திறந்ததும் அதே பாலை மறுபடி அனுப்பியது. 6 லிட்டர் 12 ஆனது! நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டேன். இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் போனே ஒரு எண் கொடுக்கிறது, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் பழைய பதிலையே தருகிறது.

இதற்கு நடுவில் முதலாளி இன்னும் பத்து போன் வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பத்து வாங்கியிருந்தாலும் பத்திலும் சரியாகவே வந்திருக்கும். உன் லேபிலும் இதையே பார், ஆள் குறைந்ததைவிட எதை உடைத்துப் பார்க்கிறீர்கள் என்பது பெரிய விஷயம்.

இன்னொன்று. எங்கள் ஆப்பில் ஆன், ஆஃப் என்று பத்து செட்டிங். எல்லாச் சேர்க்கையும் பார்க்க 1,024 டெஸ்ட் ஓட்டம் வேண்டும். எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றின் நான்கு சேர்க்கையும் எங்காவது வந்தால் போதும் என்றால் ஆறே ஓட்டத்தில் முடியும். நம்பாமல் நானே தாளில் கட்டம் போட்டுப் பார்த்தேன். மூன்று செட்டிங் சேர்ந்தால் மட்டும் வரும் பிழை இதில் நழுவலாம். அதனால் பணக் கணக்கைத் தொடும் மூன்றை மட்டும் எட்டுச் சேர்க்கையும் விடாமல் தனியே ஓட்டுகிறேன். மற்றதற்கு ஆறு போதும், நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

சரி, எப்போது வருகிறாய்? லால்பாக் எக்ஸ்பிரஸில் ஏறினால் காட்பாடிக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன். திரை விரிசல் விட்ட உன் பழைய போன் மேஜை டிராயரில் கிடக்கிறதென்று சொன்னாயே, அதைத் தூக்கிப் போட்டுவிடாதே. சொசைட்டிக்காரர்கள் கையில் இருப்பதும் அந்த மாதிரிதான். சார்ஜரோடு கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்