சிறுவர் இல்லங்களைப் பயண நிரலிலிருந்து நீக்குங்கள்: பிரித்தானியத் தமிழ் ஆலயங்களுக்கும் பங்குகளுக்கும் ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவிலுள்ள சைவ ஆலயங்களின் அறங்காவலர் சபையினருக்கும் தமிழ்க் கிறிஸ்தவப் பங்குகளின் இளையோர் குழுப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வருகிற ஓகஸ்டில் உங்கள் ஆலயமொன்றின் இளையோர் குழுவோடு இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்கு வரவிருக்கும் பல்கலைக்கழக மாணவி ஒருவர், பயணத்துக்குத் தம்மை எப்படித் தயார்படுத்திக்கொள்வது என்று கேட்டு எனக்கு எழுதியிருந்தார். நான் கிளிநொச்சியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். இப்போது சிறுவர் இல்லமொன்றில் மாலை வகுப்பு எடுக்கிறேன் என்பதை உறவினர் ஒருவர் மூலம் அறிந்து கேட்டிருக்கிறார். எத்தனை பெட்டி வர்ணப் பென்சில் கொண்டுவரலாம், பெண் பிள்ளைகளின் விடுதியிலேயே தங்க அனுமதி கிடைக்குமா, ஒரு பிள்ளையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிய பின்னும் வீடியோ அழைப்பில் பேசலாமா என்றெல்லாம் அவருடைய கடிதம் நீள்கிறது. ஆலய மண்டபத்தில் வடையும் றோல்ஸும் விற்றுப் பயணச் செலவில் ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறாராம். இவ்வளவு அக்கறையுள்ள பிள்ளைக்கு நீங்கள் வைத்த ஆயத்தக் கூட்டத்தில் சொல்லப்பட்டவை தடுப்பூசி, உடை, மலேரியா மாத்திரை ஆகியவை மட்டுமே. (இலங்கையை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016 இலேயே அறிவித்துவிட்டது. இங்கே பயப்பட வேண்டியது டெங்குவுக்கு.)

அவருக்குத் தனியே பதில் எழுதியாயிற்று. அவர் கேட்டவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வியை அவரை அனுப்புகிற நீங்கள்தான் தீர்க்க வேண்டும் என்பதால் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான்: உங்கள் இளையோரின் பயண நிரலிலிருந்து சிறுவர் இல்லங்களை முற்றாக நீக்குங்கள். பயணத்தை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. பிள்ளைகள் வரட்டும், ஆனால் பெரியவர்களின் விருந்தாளிகளாக வரட்டும்.

இந்த இல்லங்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் முகாமுக்குள் தனியே வந்து சேர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். தாய் ஒரு வைத்தியசாலையிலும் தகப்பன் தடுப்புக்காவலிலும் இருக்க, பாட்டியின் கையைப் பிடித்து வந்தவர்களும் இருந்தார்கள். அன்று சிறுவர் இல்லங்கள் கதவைத் திறந்திராவிட்டால் அவர்களிற் பலருக்கு ஒரு கூரைகூட இருந்திராது. அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அன்று வந்த பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். இன்று இல்லங்களில் இருப்பவர்களிற் பெரும்பாலோர் போருக்குப் பின் பிறந்தவர்கள், அநாதைகள் அல்லர். வன்னியில் மட்டுமல்ல, இலங்கை முழுவதிலுமே சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போயிருப்பார்; அல்லது நுண்கடன் தவணை கட்ட முடியாமல் திணறிக்கொண்டிருப்பார்; அல்லது பாடசாலை ஏழு கிலோமீற்றர் தொலைவில், பஸ் இல்லாத கிராமத்தில் இருப்பார். பிள்ளை படிக்க வேண்டும், மூன்று நேரம் சாப்பிட வேண்டும் என்பதற்காக இல்லத்தில் விட்டிருப்பார். 2009 இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, பெற்றோரின் பராமரிப்பில் இல்லாத பிள்ளைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள், வறுமை ஒன்றை மட்டுமே காரணங்காட்டி ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்கின்றன. இலங்கையின் 2019 ஆம் ஆண்டு மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கையும் குடும்பத்தை முதலிலும் இல்லத்தைக் கடைசியிலும் வைக்கிறது. நடைமுறையிலோ, கடல் கடந்து வரும் பணம் கடைசி வழியாக இருக்க வேண்டியதைத்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கட்டடம் கட்டப் பணம் கிடைத்தால் கட்டில்கள் வரும். கட்டில்கள் வந்தால் அவற்றை நிரப்பப் பிள்ளைகள் தேவைப்படுவார்கள்.

இனி உங்கள் இளையோரின் வருகைக்கு வருகிறேன். ஓகஸ்ட் உங்களுக்குக் கோடை விடுமுறை. எங்களுக்கும் வழமையாக அப்போதுதான் பாடசாலை விடுமுறை வருகிறது. இல்லத்துப் பிள்ளைகள் தாய்மாரிடம் போய் நிற்கக்கூடிய சில நாட்கள் அவை. வெளிநாட்டிலிருந்து குழு வருகிறது என்ற செய்தி வந்தால், வருகிறவர்களுக்குப் பிள்ளைகளைக் காட்ட வேண்டுமே என்று அந்த நாட்களில் அவர்களை மறித்து வைப்பதை நான் கண்டிருக்கிறேன். நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த ஆண்டு அரிசிக்கான காசு அந்தக் குழுவின் திருப்தியில் தங்கியிருக்கும்போது, யார்தான் வெறும் விடுதியைக் காட்டுவார்கள்?

நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் மண்டபத்தில் மூன்றாம் தரத்தில் படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது. யார் வந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். வந்தவர்கள் கண் கலங்கிப் போவார்கள், படம் எடுப்பார்கள், இந்தப் பிள்ளைக்கு எங்களை எவ்வளவு பிடித்துவிட்டது என்பார்கள். முன்பின் தெரியாதவரிடம் எவ்விதத் தயக்கமுமின்றி ஒட்டிக்கொள்வது, பராமரிப்பவர்கள் மாறிக்கொண்டேயிருந்த பிள்ளைகளிடம் காணப்படும் பாதிப்பின் அறிகுறி என்று உளவளத்துணையாளர்கள் எங்களுக்கு விளக்கியிருக்கிறார்கள். இரண்டு கிழமை அன்பு காட்டிவிட்டு விமானம் ஏறுகிற ஒவ்வொரு குழுவும் அந்தப் பாதிப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டுத்தான் போகிறது. குழு போன மறுநாள் வகுப்பில் பிள்ளைகளை இருத்துவது எவ்வளவு கடினம் என்று எந்தப் பொறுப்பாளரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

சாப்பாட்டு விடயத்தையும் சொல்ல வேண்டும். பிறந்தநாள், திருமண நாள், திவசம் என்று ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் காசு அனுப்புவது உங்களிடையே ஊறிப்போன வழக்கம். அதில் நல்ல மனம் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் சோறும் கோழிக்கறியும் பரிமாறிய பின், பிள்ளைகள் கை வைக்காமல் தேவாரமோ செபமோ சொல்லி, அனுப்பியவரின் பெயரைக் கூறி நன்றி தெரிவிப்பதைக் கைத்தொலைபேசியில் எடுத்து வைபரில் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒருமுறை ஒலி சரியாகப் பதியவில்லை என்று முழுவதையும் திரும்பச் சொல்லவைத்தார்கள். குழம்பில் ஆடை படர்ந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த சிறுவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்கள் நாட்டில் இது நடக்குமா? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்க வருகிற தொண்டர்கூட டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பைச் செய்துகொள்கிறார். பரிசளிப்பு விழாவில் பிள்ளையைப் படமெடுக்கவும் பெற்றோரின் ஒப்புதல் கேட்கிறீர்கள். அதே தொண்டர் கிளிநொச்சிக்கு வந்ததும் விடுதி அறை வரைக்கும் போகிறார், பிள்ளைகளோடு தனியே இருக்கிறார், அவர்களுடைய முகத்தையும் பெயரையும் துயரக் கதையையும் முகநூலில் இடுகிறார். எங்கள் பிள்ளைகளுக்குக் குறைந்த பாதுகாப்புப் போதும் என்று நீங்கள் ஒருபோதும் சொல்லமாட்டீர்கள். உங்கள் நிரலோ அப்படித்தான் சொல்கிறது. சட்டச் சிக்கலும் இருக்கிறது: சுற்றுலா விசாவில் வருபவர் ஊதியத்துடனோ ஊதியமின்றியோ வேலை செய்ய அனுமதியில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையை இந்த நிலையில் அனுப்புவது அவருக்கும் நியாயமல்ல.

உலகம் இதை உணரத் தொடங்கிச் சில ஆண்டுகளாகிவிட்டன. அவுஸ்திரேலியா 2018 இல் நவீன அடிமைத்தனச் சட்டத்தை இயற்றியபோது, உதவி பெறுவதற்காகப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதையும் நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகக் கருதியது. 2019 டிசெம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைத் தீர்மானம், இத்தகைய இல்லங்களில் நடைபெறும் தொண்டர் திட்டங்களால் விளையும் தீங்குகளைத் தடுக்குமாறு அரசுகளைக் கேட்டுக்கொண்டது. வன்னியில் ஆட்கடத்தல் நடக்கிறது என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல எண்ணத்தோடு வரும் பயணங்களே ஓர் இல்லத்துக்குப் பிள்ளைகளைத் தேவைப்படுத்துகின்றன என்பதே நான் சொல்ல வந்தது.

உங்களிற் சிலர் கேட்கப்போவது தெரிகிறது: நாங்கள் வராவிட்டால் காசும் நின்றுவிடுமே, பிள்ளைகள் பட்டினி கிடப்பதா? காசை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நான் மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு அதுவாகத்தான் இருக்கும். இல்லத்துக்கு அனுப்புவதை இப்போதைக்குத் தொடர்ந்துகொண்டே, மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தோடும் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரோடும் பேசி, எந்தப் பிள்ளைகள் வீடு திரும்பக்கூடியவர்கள், அதற்குத் தடையாக இருப்பது என்ன என்று கேளுங்கள். பல வேளைகளில் அந்தத் தடை வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது: ஒரு துவிச்சக்கரவண்டி, கிணற்றுக்கு ஒரு நீரிறைக்கும் இயந்திரம், கழிப்பறையோடு கூடிய ஓர் அறை, மாதாந்த பஸ் பணம். ஒருவரின் விமானச் சீட்டுக்குப் பல நூறு பவுண் கொடுக்கிற உங்களுக்கு இது எட்டாத தொகையல்ல. இதில் படமெடுத்து அனுப்ப அதிகம் இராது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

அப்படியானால் இளையோர் இங்கே வந்து என்ன செய்வது? கேட்பதற்கு வரட்டும். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டம் ஆண்டுகளைக் கடந்து தொடர்கிறது. பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தியபடியே முதுமையடைந்து, பதில் கிடைக்காமல் இறந்துபோன தாய்மார் அவர்களில் உண்டு. ஒரு மதியம் அவர்களோடு பாயில் இருந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்கள் ஏதும் வினவினால் மட்டும் பேசிவிட்டுப் போகலாம். அதற்கும் ஆயத்தம் வேண்டும். அவர்கள்மீது கண்காணிப்பு இருப்பதை ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்தின் அறிக்கைகளே பதிவுசெய்திருக்கின்றன. உங்கள் பிள்ளை உற்சாகத்தில் இடும் ஒரு படத்துக்காக, அவர் ஹீத்ரோவில் இறங்கிய பின்னர் இங்கே ஒரு தாயின் வீட்டுக்கு யாராவது விசாரணைக்கு வரக்கூடும். யாரைப் படமெடுக்கலாம், எதை எப்போது வெளியிடலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அந்தத் தாய்மாருக்கே உரியது என்பதைப் புறப்படுமுன்னரே பிள்ளைகளின் மனதில் பதியவையுங்கள்.

ஆயத்தக் கூட்டம் ஒன்று போதாது. மாதக்கணக்கில் நடக்க வேண்டும். மாத்திரைப் பட்டியலுக்குக் கொடுத்த நேரத்தை, 2009 இல் என்ன நடந்தது, காணிகள் யார் கையில் இருக்கின்றன, மீனவர்கள் ஏன் கடலுக்குப் போய் வெறுங்கையோடு வருகிறார்கள் என்பவற்றுக்குக் கொடுங்கள். தமிழில் தடுமாறும் பிள்ளைகள் வெட்கப்படாமல் பேசிப் பழகட்டும். கொச்சையாகப் பேசினாலும் எங்களுக்கு விளங்கும். திரும்பி வருவேன், படிப்பிப்பேன், லண்டனுக்குக் கூப்பிடுவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதை, விடைபெறும் அன்று கண்ணீரோடு நிற்கும்போது நினைவுக்கு வரும்படி திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

திரும்பிய பின்னர்தான் அவர்களுடைய உண்மையான வேலை தொடங்குகிறது. ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை தொடர்பான தீர்மானங்களை முன்னெடுக்கும் நாடுகளின் குழுவுக்குத் தலைமை தாங்குவது பிரித்தானியாதான். முன்னாள் படைத் தளபதிகள் மூவர்மீதும், விடுதலைப் புலிகளிலிருந்து பிரிந்து அரசோடு சேர்ந்த கருணாமீதும், போர்க்கால மனித உரிமை மீறல்களுக்காக 2025 மார்ச்சில் தடை விதித்ததும் அதே அரசுதான். தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்தித்து, இன்னாரிடம் இதைக் கேட்டு வந்தேன் என்று சொல்ல உங்கள் இளையோரால் முடியும். கிளிநொச்சியில் இருக்கும் எங்கள் யாராலும் அது முடியாது.

இவ்வாண்டுக்கான விமானச் சீட்டுகளை நீங்கள் இன்னும் வாங்கவில்லை என்று அறிகிறேன். வாங்குமுன் நிரலைத் திருத்தி, இல்ல வருகையை நீக்கிவிட்டதை உங்கள் இளையோருக்கும் இங்குள்ள இல்ல நிர்வாகங்களுக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பணம் நிற்காது என்பதையும் அதே கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். நிர்வாகங்களுக்கு அந்த உறுதி ஜூலைக்கு முன் கிடைத்தால், பிள்ளைகளை விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தாய்மாரோடு பேசிவைக்கப் போதிய அவகாசம் இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கிளிநொச்சி.