ஏரியோடு சேர்த்துக் கரையையும் வாங்கியிருக்கிறீர்கள்

அன்பு மகள் கவிதாவுக்கு,

வீட்டு வீடியோ வந்தது. அம்மா சமையலறையையும் மாடியையும் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், நான் பின்னால் இருக்கும் ஏரிக்கரையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வேலைக்காலம் முழுக்கக் கண்மாய்க் கரையில் நடந்தவனுக்குக் கண் வேறு எங்கே போகும். போனில் சொன்னால் "சரிப்பா, பார்த்துக்கிறோம்பா" என்று முடித்துவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும், அவருக்கும் இதில் ஒன்று இருக்கிறது.

வீட்டைக் காட்டிய புரோக்கர் ஏரியின் அழகைச் சொல்லியிருப்பார், கரையைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார். நம் ஊரில் கண்மாய்க்கு ஏதாவது ஆனால் திட்டுவதற்காவது நீர்வளத் துறை, பாசனச் சங்கம் என்று நாலு பேர் இருக்கிறார்கள். அங்கே பத்திரம் யார் பேரிலோ அவர்தான் எல்லாம். அமெரிக்க அரசின் அணைப் பட்டியலில் 90,000-க்கு மேல் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் தனியாருடையது, பெரும்பாலும் மண் கரை. உங்களுடையது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

உங்கள் ஜார்ஜியாவிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன், பயமுறுத்த இல்லை. டொகோவா என்று ஓர் ஊர், அட்லாண்டாவிலிருந்து வடகிழக்கே. அங்கே ஒரு பைபிள் கல்லூரிக்கு மேலே, அந்தக் கல்லூரிக்கே சொந்தமான கெல்லி பார்ன்ஸ் அணை, சுமார் 40 அடி மண் கரை. ஒரு காலத்தில் மின்சாரம் எடுத்தார்கள், அப்புறம் அதை நிறுத்திவிட்டு வெறும் ஏரியாக வைத்திருந்தார்கள். 1977 நவம்பர் 6, நல்ல மழைக்குப் பிறகு, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குக் கரை போய்விட்டது. கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் செத்தார்கள். பிறகு விசாரித்தவர்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்த விஷயங்கள்: வெளிச்சரிவு சில இடங்களில் ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஓர் அடி உயரத்துக்கு ஓர் அடி அகலம் என்ற அளவுக்குச் செங்குத்து (நாங்கள் ஓர் அடிக்கு இரண்டு அடி அகலத்துக்குக் குறைந்தால் கையெழுத்தே போட மாட்டோம்), கரை முழுக்க மரம், உள்ளே பழைய குழாய், 1973-லேயே வெளிச்சரிவில் ஒரு பகுதி சரிந்தது போட்டோவில்கூடப் பதிவாகியிருக்கிறது. நாலு வருஷம் அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகுதான் உங்கள் மாநிலத்தில் 1978-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

இப்போது உங்கள் கரைக்கு வருகிறேன். வீடியோவில் நீ நடந்துபோகும்போது, கரைக்கு வெளியே, அடிவாரத்தில் ஒரு நெளிநெளித் தகரக் குழாயின் வாய் தெரிகிறது. அதற்கு வலது பக்கம் புல் மட்டும் கரும்பச்சையாக, மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கும்போது அங்கே மட்டும் செழிப்பாக இருக்கிறது, உன் செருப்பு அங்கே பதிந்தபோது "சளக்" என்ற சத்தம்கூடக் கேட்டது. அங்கேதான் எனக்குச் சந்தேகம். மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். கசிகிற தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா என்பதுதான் கேள்வி. தெளிவாக வந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது, கலங்கி வந்தால் கரையின் மண்ணும் கூட வருகிறது என்று அர்த்தம், அப்புறம் உள்ளே ஒரு பொந்து விழுந்து, அது ஏரிப் பக்கம் நோக்கிப் பின்னாலேயே தோண்டிக்கொண்டு போகும். மேலே நின்று பார்த்தால் கரை நன்றாகவே இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பார், அடியில் வண்டல் படிகிறதா என்று. மழை இல்லாத நாளில் ஒரு தடவை, பெரிய மழை பெய்து ஏரி ஏறியதும் ஒரு தடவை. வருகிற அளவையும் ஒரு நோட்டில் எழுதி வை, போன மாதத்தைவிடக் கூடியிருந்தால் அதுவும் சேதிதான்.

தகரக் குழாய் எனக்குப் பிடிக்கவே இல்லை. துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கரை மண் அந்த ஓட்டை வழியாகக் குழாய்க்குள் போகும், இல்லாவிட்டால் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே தண்ணீர் வழி பிடிக்கும். நம் கண்மாய்களிலும் உடைப்பு எடுப்பது பெரும்பாலும் மடையை, அதாவது பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாயை ஒட்டித்தான். சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயில் மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது என்று நீர்பாய்ச்சி (மடையைத் திறந்து மூடும் ஆள்) பெரியவர் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக வந்து சொல்லித்தான் அந்தக் கரையைக் காப்பாற்ற முடிந்தது. அப்போது அங்கே இளவட்டங்கள் களிமண்ணைக் கொண்டுவந்து ஊற்று வாயை அடைக்கப் பார்த்தார்கள். அதை மட்டும் எந்தக் காலத்திலும் செய்யாதே. வெளிப்பக்கம் வாயை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே முட்டிக்கொண்டு வேறு இடத்தில் வாய் திறக்கும். முதலில் மணல், அதன் மேல் ஜல்லி, சுற்றி மணல் மூட்டை: தண்ணீர் வெளியே வரட்டும், மண் மட்டும் நிற்கட்டும். அதுவும் ஆள் வரும்வரை தாக்குப்பிடிக்கத்தான். கலங்கல் தண்ணீர் வேகமாக வந்தால் மூட்டையெல்லாம் அப்புறம், முதலில் 911-க்குச் சொல்லிவிட்டுக் கீழே இருக்கும் வீடுகளை எழுப்பு.

பைன் மரங்கள். கரை மேல் வரிசையாக நிற்பது அழகுதான், எங்களுக்குச் சீமைக்கருவேலம் போல அங்கே அது. ஆனால் ஆளை வைத்து வெட்டி, வேரோடு பிடுங்கிவிடலாம் என்று இறங்காதீர்கள். பெரிய மரத்தைச் சும்மா வெட்டிவிட்டால் வேர் உள்ளேயே மக்கி அந்த இடம் தண்ணீருக்குக் குழாயாகிவிடும், ஏரி நிறைந்திருக்கும்போது பிடுங்கினால் கரையில் குழி. எதை, எந்த வரிசையில், ஏரியை எவ்வளவு இறக்கிவிட்டு எடுப்பது என்று பொறியாளர் சொல்லட்டும். இறக்குவதும் மெதுவாக நாள் கணக்கில் இறக்க வேண்டும், ஒரேயடியாகத் திறந்தால் ஈரம் ஊறிய உள்சரிவு வழுக்கிக்கொண்டு இறங்கும். சின்னக் கன்றுகளை நீங்களே வெட்டலாம். பொந்துகளையும் பாருங்கள். 2019-ல் ரத்னகிரியில் திவாரே அணை உடைந்தபோது ஓர் அமைச்சர் நண்டு மேல் பழியைப் போட்டார், ஊரே சிரித்தது. நண்டு வளையும் எலி வளையும் கரைக்குக் கெடுதல்தான், ஆனால் வளையைப் பார்த்து அடைக்க வேண்டியது மனுஷன் அல்லவா.

இனி மாப்பிள்ளைக்கு. படகு விட ஆழம் போதாது, இடது ஓரத்து வாய்க்காலில் பலகை வைத்து ஓர் அடி ஏற்றலாம் என்றீர்களாம். வேண்டாம் மாப்பிள்ளை. அது வாய்க்கால் இல்லை, கலுங்கு, ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியே போகிற வழி. எங்கள் பக்கம் சம்சாரிகள் கலுங்குக் கல்லுக்கு நடுவே மண்ணும் வைக்கோலும் அடைத்துத் தண்ணீரை ஏற்றுவார்கள், ஆனால் மழைக்காலம் முடிந்து ஓடை வற்றிய பிறகு. உங்களுக்கு அங்கே எந்த மாதத்திலும் மழை கொட்டும். கலுங்கு வழியாகப் போக முடியாத வெள்ளம் கரை மேல் ஏறிப் போகும், மண் கரை அதைத் தாங்காது. ஹவாயில் கவாய் தீவில் காலோகோ என்ற தனியார் அணை 2006 மார்ச் 14-ல் உடைந்து 7 பேர் செத்தார்கள். கலுங்கு மண் போட்டு மூடப்பட்டிருந்தது என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு, சொந்தக்காரருக்குச் சிறைத் தண்டனையே கிடைத்தது. அதனால் பலகையை விட்டுவிட்டு, அங்கே விழுந்து கிடக்கும் கிளைகளை முதலில் அள்ளிப் போடுங்கள். பீவர் (மரத்தைக் கடித்துப் போட்டு ஓடையை அடைக்கும் விலங்கு) வந்து அடைத்திருந்தால் அதையும்.

சட்டப்படி உங்கள் மாநிலத்தில் கரை 25 அடி உயரமோ, கொள்ளளவு 100 ஏக்கர்-அடியோ (நம் கணக்கில் சுமார் 4.36 மில்லியன் கன அடி) இருந்தால் அது கணக்கில் வரும். உடைந்தால் உயிர் போகும் என்றால் முதல் வகை, அனுமதி, ஆய்வு எல்லாம் உண்டு. கீழே யாராவது புதிதாக வீடு கட்டினால் இரண்டாம் வகை முதல் வகையாகிவிடும், கரை அதே கரைதான். உங்களுக்குக் கீழே சாலை திரும்பும் இடத்தில் ஏதோ கட்டுகிறார்கள் போலத் தெரிந்தது, அது என்ன என்று விசாரி. அளவில் சின்னது, சட்டத்தில் வராது என்று தெரிந்தாலும் பொறியாளரைக் கூப்பிடத்தான் வேண்டும். சட்டத்தில் வராத கரையை வேறு யாரும் வந்து பார்க்க மாட்டார்கள்.

வீட்டுக் கட்டடம் பார்க்கும் பொறியாளர் போதாது, மண் அணை பார்ப்பவராகத் தேடு. செலவாகும், தெரியும். சோபாவைத் தள்ளிப்போடுங்கள். அவர் வந்ததும் முதலில் கேட்கப்போவது குழாய் எந்த வருஷம் போட்டது, கரையை யார் எப்போது உயர்த்தினார்கள் என்றுதான், எனவே பழைய சொந்தக்காரரிடம் இருக்கும் காகிதங்களை இப்போதே கேட்டு வாங்கி, போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பு. குழாய் வாய்க்குள் டார்ச் அடித்து எடுத்த படம் ஒன்றும் வேண்டும், கை மட்டும் நீட்டி எடு, உள்ளே தலையை விடாதே.

அப்பா