வயலை ஈடு வைக்க முதல் இந்தக் கணக்கைப் பார்

தோஹா

அன்புள்ள தம்பிக்கு,

நவகிரிக் குளத்துத் தண்ணி பாயுற இரண்டு ஏக்கரையும் ஈடு வைத்து, ஏஜென்சிக்கு நாலு லட்சம் கட்டி, இங்கே வரட்டா என்று கேட்டிருந்தாய். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிற விஷயமில்லை இது. கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு வாசி. ஊரில் ஆட்கள் ரியாலை ரூபாயால் பெருக்குவதோடு கணக்கை நிறுத்திவிடுவார்கள். கழித்தல் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

கட்டாரில் சட்டப்படி ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால், 2021 மார்ச்சிலிருந்து. கம்பெனி சாப்பாடு தராவிட்டால் 300, இடம் தராவிட்டால் 500 தர வேண்டும். பெரும்பாலும் கேம்பில் கட்டில் கிடைக்கும், சாப்பாட்டுக் காசு கையில் வரும். ஓட்டிக்கு, அதாவது மேலதிக நேர வேலைக்கு, மணித்தியாலச் சம்பளத்தோடு கால் பங்கு கூட: ஏறக்குறைய 5.20 ரியால். நாளுக்கு இரண்டு மணித்தியாலம், 26 நாள் என்றால் 271. எல்லாம் சேர்த்து 1,571. சமையல், போன், சவர்க்காரம், மருந்து என்று 500 போனால், ரியாலை 82 ரூபாயாக வைத்து, நீ அனுப்பக்கூடியது 87,000 சொச்சம் ரூபாய்.

இப்போது கடையில் உனக்கு 45,000. ஈபிஎஃப் என்ற சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்து 41,400 கையில் வருகிறது. ஆனால் உன் பெயரில் மாதா மாதம் ஏறுவது அந்த 8, முதலாளியின் 12, ஈடிஎஃப் என்ற நம்பிக்கை நிதிக்கு அவர் கட்டும் 3, மொத்தம் 10,350. இதை நீ ஒரு நாளும் சம்பளமாக எண்ணியதில்லை. இங்கே ஈபிஎஃப் கிடையாது. ஒரு வருடம் முடித்தவனுக்கு, வேலையை விட்டுப் போகும்போது வருடத்துக்கு மூன்று கிழமை அடிப்படைச் சம்பளம், 700 ரியால். அதை மாதமாகப் பிரித்தால் 4,800 ரூபாய்க்குக் கிட்ட.

அடுத்தது வயல். காசு கொடுப்பவர் வட்டிக்குப் பதிலாக வயலைச் செய்யப் போகிறார் என்கிறாய். நீ இல்லாவிட்டாலும் வீட்டில் ஐந்து பேர். வருடத்துக்கு 550 கிலோ அரிசியாவது வேண்டும். நெல்லில் 65 வீதம் அரிசியாகும் என்று பார்த்தால் 850 கிலோ நெல், அதாவது 65 கிலோ மூடையில் 13. மாரி வெள்ளாமையில் விற்கிற மூடைகள் உரத்துக்கும் மெசின் கூலிக்கும் சரியாகிவிடும், வீட்டுக்கு ஒதுக்குகிற 13 மூடைதான் வயலின் லாபம் என்றே வைத்துக்கொள். அந்த அரிசியைக் கடையில் வாங்கினால் மாதம் 10,000 போகும். நாலு லட்சத்தையும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குள் திருப்ப மாதம் 16,700.

கூட்டிக் கழி. இங்கே 87,000த்தோடு 4,800ஐக் கூட்டி, அரிசிக் காசையும் கடன் தவணையையும் கழித்தால் 65,100. அங்கே கையில் வருவதும் ஈபிஎஃப், ஈடிஎஃப்பும் சேர்ந்து 51,750. மிச்சம் 13,000 சொச்சம். ஓட்டி இல்லாத மாதம் 22,000 குறையும். அப்போது நீ கடையில் நிற்பதை விட 9,000 நட்டத்தில் இங்கே நிற்பாய். ஓட்டி உரிமையுமில்லை. வேலைத்தளம் முடியும் காலத்தில் முதலில் வெட்டுவது அதைத்தான். ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை வெளிவேலை பகல் 10 மணியிலிருந்து 3.30 வரை தடை என்பதால் அந்த மாதங்களில் நேரம் தானாகவே சுருங்கும்.

வீட்டு விஷயமும் சொல்ல வேண்டும். நம்ம பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், மருமகன் வந்து ஏறுவான். மகளுக்குக் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அதைச் சொத்து நிரலில் எழுதாதே, கடமை நிரலில் எழுது. பத்து வருடம் வளைகுடாவில் நின்று மேல்வீடும் மாபிளும் போட்டவர்களில், விசா முடிந்து வந்து மூன்று மாதம் வீட்டுச் செலவு பார்க்கக் காசில்லாதவர்கள் நம்ம வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். முந்திப் போடியாரை, அதாவது பெரிய வயல்காரரை, வயலாலும் பட்டி மாட்டாலும் அளந்தார்கள். இரண்டும் வருடா வருடம் எதையாவது தந்தன. மேல்வீடு கரண்ட் பில்தான் தரும். சம்பளம் இன்றைக்கு நின்றால் வீடு எத்தனை மாதம் ஓடும் என்று எண்ணிப் பார். உன் அரிசி அந்த எண்ணிக்கையில் வரும், கேற்றும் மாபிளும் வராது.

வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டார்ச் சட்டப்படி ஆள் எடுக்கிறவர் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. அந்த நாலு லட்சம் எதற்கு என்று கேள், ரசீது கேள். தரமாட்டோம் என்றால் எழும்பி வா. ஏஜென்சியின் லைசன்ஸ் செல்லுமா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரி. ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையைப் பார்க்காதே, அடிப்படைச் சம்பளம் என்ற வரியைப் பார். ஓட்டியும் கடைசிக் கொடுப்பனவும் அதிலிருந்துதான் வரும். அலவன்சைப் பெருக்கி அடிப்படையைக் குறைப்பது வழமையான வித்தை. ஊரில் காட்டிய தாளும் கொழும்பு விசா நிலையத்தில் கையெழுத்துக் கேட்கும் தாளும் ஒன்றா என்று வரிக்கு வரி பார், வேறென்றால் ஒப்பமிடாதே.

ஏஜென்சிக் காசில்லாமல், வயல் உன் கையில் இருக்க ஒரு விசா வந்தால், ஓட்டி உள்ள மாதத்தில் மிச்சம் 40,000. அப்படி வந்தால் எழுது, விமான நிலையத்துக்கு நான் வருகிறேன். அதுவரை ஈட்டுப் பேச்சை நிறுத்தி வை. விதைப்புக்கு முதல் வட்டைவிதானையிடம் தண்ணி முறையைக் கேட்டுக்கொள். மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
அண்ணன்