அவரைக்கொட்டையும் தராசும்: பன்னிரண்டு சனிக்கிழமைகளுக்கு நன்றி

கோத்தகிரி சுற்றுவட்டாரத்து அம்மாமார், அண்ணன்மார், பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்குப் பன்னிரண்டு சனிக்கிழமை நடத்திய வறுமை ஒழிப்புப் பாடம் முடிந்தது. யார் எதைக் கொடுத்தீர்கள், அது வகுப்பில் எதற்குப் பயன்பட்டது என்று பொதுவில் எழுதிவைப்பதே முறை. வேறு ஊரில் இதை நடத்த நினைப்பவர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு. பழைய கடன் பதிவேட்டில் பெயர்களின் மேல் காகிதம் ஒட்டி மறைத்துத் தந்தீர்கள். கூடவே இரண்டு படி அவரைக்கொட்டை. அந்தக் கொட்டை இல்லாவிட்டால் தண்டல் வட்டிப் பாடம் நடந்தே இருக்காது. தண்டல் என்பது நாள்தோறும் வசூலிக்கும் கடன். 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம்தானே, நூற்றுக்குப் பத்து" என்றுதான் எந்தப் பிள்ளையும் முதலில் சொல்லும். கொட்டைக்கு நூறு ரூபாய் என்று வைத்து 90 கொட்டையை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து, நாளுக்கு ஒன்றாகத் திருப்பி வாங்க வேண்டும். ஐம்பதாவது நாளில் நிறுத்திக் கேட்டால் கையில் 40தான் இருக்கும். தொண்ணூறாவது நாளில் கை காலி. இன்னும் பத்து நாள் பாக்கி! அந்த இடத்தில்தான் வகுப்பு அமைதியாகிறது. பிறகு கணக்கு: நூறு நாளும் 9,000 கையில் இருக்கவில்லை, சராசரியாக 4,500 அளவுதான் இருந்தது. அதற்கு நூறு நாளில் 1,000 வட்டி என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு 80 அளவுக்கு வருகிறது.

இதில் இரண்டு தவறு நேரும். கணக்கை முதலில் கரும்பலகையில் போட்டு, கொட்டையைப் பிறகு எடுத்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். 90க்குப் பதில் 100 கொட்டையாகக் கொடுத்துவிட்டால், முன்கூட்டியே பிடித்த ஆயிரம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

குழுவின் பதிவேட்டை அதற்குப் பக்கத்தில் வைத்தோம். 10,000 கடன், மாதம் நூற்றுக்கு 2, அசலில் மாதம் 1,000 கட்டினால், மிச்ச அசலுக்கு மட்டும் வட்டி போடும்போது மொத்தம் 1,100. கடைசிவரை முழு அசலுக்கும் போட்டால் 2,000. வட்டி விகிதம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் குழு இருந்தும் ஏன் தண்டலுக்குப் போகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரிச் செலவு ராத்திரியில் வரும். குழு கூடுவதோ வாரத்தில் ஒரு நாள். தலைக்கு வாரம் 10 ரூபாயை அவசரத்துக்கென்றே தனியாக எடுத்துவைத்தால், 15 பேர் குழுவில் ஆண்டுக்கு 7,800 சேரும் என்று பிள்ளைகளே போட்ட கணக்கை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

அடுத்து, தராசு தந்த மளிகைக் கடைக்காரருக்கும், தேயிலைக் கொழுந்து தந்த சிறு விவசாயிகளுக்கும், இரண்டு சனிக்கிழமை ஒதுக்கிவந்த தேயிலைத் தொழிற்சாலைக் களப்பணியாளருக்கும் நன்றி. தராசைச் சோதிக்க எடைக்கல் தேவையில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. காலிப் பாட்டில்களின் எடையைக் குறித்துக்கொண்டு 5, 10, 20 லிட்டர் என்று ஏற்றிப் பார்க்க வேண்டும். ஐந்து கிலோவில் சரியாகக் காட்டும் தராசு இருபதில் பிசகலாம். அதனால் ஒரே ஒரு எடையில் பார்த்துவிட்டு விடக்கூடாது. எடையளவுத் துறையின் முத்திரை எங்கே இருக்கும், எந்த ஆண்டு முத்திரை என்று பார்க்கவும் பிள்ளைகளுக்குத் தெரியும் இப்போது.

தேயிலை வாரியத்தின் விலைப் பங்கீட்டில், தூள் விற்ற விலையில் நூற்றுக்கு 65 விவசாயிக்கு, 35 தொழிற்சாலைக்கு. தேயிலைத்தூள் கிலோ 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டோம். நூறு கிலோ பசுந்தேயிலையில் 25 கிலோ தூள் இறங்கினால் இலைக்குக் கிலோ 16.25, 22 கிலோதான் இறங்கினால் 14.30. மழை நாளில் ஈரத்தோடு வரும் இலைக்கு எடை கழிப்பது முழுக்க அநியாயம் அல்ல என்பது இங்கே புரியும். எவ்வளவு கழிப்பது நியாயம் என்பதற்கு ஒரு கிலோ இலையை நனைத்து, உதறி, மறுபடி நிறுத்தால் போதும். நூறு கிராம் இலையை மேசையில் கொட்டி, ரெண்டு இலை ஒரு மொட்டு ஒரு பக்கம், முத்தின இலை மறுபக்கம் என்று பிரித்து நிறுத்தபோது, கொழுந்து பறிக்கும் ரவுண்டு பத்து நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சாக்கில் காலால் அழுத்தித் திணித்த இலை உள்ளே சூடேறிச் சிவந்திருந்ததையும் கைவிட்டுப் பார்த்தார்கள். அழுத்தித் திணித்தால் தரம் குறையும், விலையும் குறையும்.

வீட்டுக் கணக்குப் பாடத்தில் எந்தப் பிள்ளையின் வீட்டையும் பலகையில் ஏற்றவில்லை. ஏற்றினால் கூச்சம் வரும், கூச்சத்தில் பொய்க்கணக்கு வரும். நாலு பேர், ஒரு ஏக்கர் தேயிலை என்று ஒரு கற்பனை வீடு. பனி விழுந்து கொழுந்து வராத மாதத்தில் கடன், கொழுந்து பெருகும் மாதத்தில் அடைப்பு. செலவில் 'மற்றவை' என்று ஒரு வரியை வெறுமையாக விட்டோம். அங்கே சாராயக்கடையை எழுதியவர்கள் பிள்ளைகளே; நாங்கள் வாயே திறக்கவில்லை. இப்படிப் பேச இடம் கொடுத்த பெற்றோருக்குத் தனி நன்றி.

மெழுகுவர்த்தி, பினாயில் செய்யக் கற்றுக்கொடுக்கச் சொன்னவர்களுக்கும் நன்றி, அதைச் செய்யவில்லை என்றாலும். மூலப்பொருள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவர வேண்டும், வாங்குவதற்கு ஆளில்லை. அது தொழில் அல்ல, கைவேலை வகுப்பு.

தேன்பெட்டி செய்துதந்த தச்சருக்கும், தேனீயைப் பற்றிச் சொன்ன குறும்பர், இருளர் பெரியவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். பெட்டிக்குள் இருக்கும் மரச்சட்டங்களுக்கு நடுவே தேனீ நடமாடும் இடைவெளி கூடினால் குறுக்கே அடை கட்டும் என்று தச்சர் ஒரு சட்டத்தை இழைத்துக் காட்டியது மறக்காது. பெட்டியின் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்காவிட்டால் எறும்பு ஏறும். மழைமாதத்தில் பூ இல்லாதபோது சர்க்கரைப்பாகு வைக்காவிட்டால் கூட்டம் பெட்டியை விட்டுப் போய்விடும். அடையில் முக்கால் பங்காவது தேனீ மெழுகால் மூடியிராமல் எடுத்த தேனில் நீர் அதிகம், அது புளிக்கும். புளித்த தேனை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

மதியச் சாப்பாடு சமைத்தவர்கள், ஜீப் ஓட்டியவர், பள்ளிக் கூடத்தைத் திறந்துவிட்ட காவலாளி அண்ணன், எல்லாருக்கும் நன்றி.

தராசு கடைக்குத் திரும்பிவிட்டது. பதிவேடும் குழுவிடம் சேர்ந்தது. அவரைக்கொட்டை மட்டும் இரண்டு படியில் ஓர் ஆழாக்கு குறையும். கடைசிச் சனிக்கிழமைக் குழம்பில் போய்விட்டது.

இப்படிக்கு,
வகுப்பு நடத்தியவர்கள்,
கோத்தகிரி