“ஆம்பளைங்க கேப்பாங்களாக்கா?” – தம்பி முரளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

உங்கள் புதுவீட்டு மொட்டைமாடியில் அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. பந்தி நடந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் நடுவே என் குரல் உயர்ந்துவிடுமோ என்று பயந்து இறங்கி வந்துவிட்டேன். அமெரிக்க ஆண்கள் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வைப் பற்றி நீ கேட்டது இதுதான்: “பொம்பளைங்க டீமுக்குப் பொம்பளை கோச் சரி. என்.பி.ஏ.ல ஹெட் கோச்சா வந்தா, அந்த ஏழடி ஆம்பளைங்க கேப்பாங்களாக்கா?”

ஆட்டம் தெரியாதவர் யாராவது கேட்டிருந்தால் விட்டிருப்பேன். நீ விடிகாலையில் அலாரம் வைத்து எழுந்து லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியின் ஆட்டம் பார்க்கிறவன். அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் ஆசிரியர் அறையிலும் மைதானத்து ஓரத்திலும் இதே கேள்வி காதில் விழுந்திருக்கிறது. எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன்.

உன் லேக்கர்ஸிலிருந்தே தொடங்குகிறேன். 2024 கோடையில் அவர்கள் ஜே.ஜே. ரெடிக்கைத் தலைமைப் பயிற்சியாளராக்கினார்கள். 15 சீசன் ஆடியவர், ஆட்டத்தை அலசுவதில் கெட்டிக்காரர். ஆனால் அதுவரை அவர் பயிற்சி கொடுத்தது தன் மகன் ஆடிய சிறுவர் அணிக்குத்தான். அதே கோடையில் அவருக்குக் கீழே உதவிப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தவர் லிண்ட்சி ஹார்டிங். டபிள்யு.என்.பி.ஏ. என்ற பெண்கள் லீகின் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2007இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். அதற்கு முந்தைய சீசனில் ஸ்டாக்டன் கிங்ஸ் என்ற ஆண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, ஜி லீகின் சிறந்த பயிற்சியாளர் விருதை வாங்கியவர். ஜி லீக் என்.பி.ஏ.வுக்கு நாற்றங்கால் மாதிரி. அங்கே ஆடுகிறவர்களும் ஆண்கள்தான், வளர்ந்தவர்கள்தான். அவர்கள் ஹார்டிங் சொன்னதைக் கேட்டார்கள், ஜெயித்தார்கள்.

ரெடிக் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் சீசனிலேயே 50 ஆட்டம் ஜெயித்துக் காட்டினார். அனுபவம் இல்லாத ஒருவரை நம்பினால் அது பலிக்கும் என்பதற்கு அவரே சாட்சி. அந்த நம்பிக்கை ஏன் எப்போதும் ஒரு பக்கமாகவே ஓடுகிறது?

2013 ஜூனில் ஜேசன் கிட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அந்த மாதமே புரூக்ளின் நெட்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. 2014இல் ஸ்டீவ் கெர், 2020இல் ஸ்டீவ் நாஷ் என்று இன்னும் இருவர் தலைமைப் பயிற்சியாளரானார்கள், இருவருமே அதற்கு முன் எங்கும் பயிற்சியாளராக இருந்ததில்லை. கெர் முதல் வருடமே கோப்பை வாங்கிக் கொடுத்தார். நாஷால் முடியவில்லை.

இப்போது பெண்கள் லீகில் ஆடிய பெக்கி ஹேமனைப் பார். 2013இல் முழங்கால் தசைநார் கிழிந்து ஆட முடியாமல் இருந்தபோது, சும்மா இருக்கப் பிடிக்காமல் என்.பி.ஏ. அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் பயிற்சிகளுக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். அடுத்த வருடம் ஆகஸ்டில் ஸ்பர்ஸின் தலைமைப் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் அவரைச் சம்பளத்தோடு முழுநேர உதவிப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டார். என்.பி.ஏ. வரலாற்றில் அப்படி ஒரு பெண் வந்தது அதுவே முதல் தடவை. 2015இல் லாஸ் வேகாஸ் கோடை லீகில் ஸ்பர்ஸின் இளம் அணியை அவரே நடத்தி, கோப்பையும் ஜெயித்தார். பாப்போவிச்சின் பெஞ்சில் ஏழு சீசன் உட்கார்ந்த பிறகு, 2021இல் போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அவரை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. வேலை சான்சி பில்லப்ஸுக்குப் போனது. பில்லப்ஸ் அதற்கு முன் உதவிப் பயிற்சியாளராக இருந்தது ஒரே ஒரு சீசன்.

ஏழு வருடத்தைவிட ஒரு வருடம் கனமாக இருக்க முடியுமென்றால், அந்தத் தராசில் எடை போடப்படுவது அனுபவம் இல்லை.

“அவங்க என்.பி.ஏ.ல ஆடினதில்லையே” என்பாய். பாப்போவிச் ஆடியிருக்கிறாரா? விமானப்படை அகாடமி அணியில் ஆடியவர் அவர், என்.பி.ஏ.வில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. ஐந்து கோப்பை வாங்கினார். மயாமி அணியின் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவும் அங்கே ஆடியதில்லை. வீடியோ அறையில் டேப் வெட்டிக்கொண்டிருந்தவர், லெப்ரான், வேட் என்ற நட்சத்திரங்களுக்குப் பயிற்சியாளராகி 2012, 2013 இரண்டு வருடமும் ஜெயித்தார். பிக் அண்ட் ரோல் என்ற இருவர் சேர்ந்து ஆடும் உத்தியை எப்படி உடைப்பது என்று தெரிந்துகொள்ள ஏழடி உயரம் தேவையில்லை என்பது அந்த லீகுக்கே எப்போதோ தெரியும்.

நீ சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பெண்கள் லீக் வேறு, ஆண்கள் லீக் வேறு. அங்கே 40 நிமிட ஆட்டம், இங்கே 48 நிமிடம். இங்கே ஒரு சீசனுக்கு 82 ஆட்டம், யாரை எப்போது ஓய்வெடுக்க வைப்பது என்பதே தனிக் கணக்கு. நேற்றுவரை பெண்கள் அணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரைத் தூக்கி வைத்தால் தடுமாறலாம்தான். ஆனால் ஹேமனும் ஹார்டிங்கும் அந்தக் கணக்கை அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்தவர்கள்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கேட்பார்களா?

2020 டிசம்பர் 30. ஸ்பர்ஸுக்கும் உன் லேக்கர்ஸுக்கும் ஆட்டம். இரண்டாவது கால்பகுதியில் நடுவரோடு மல்லுக்கு நின்ற பாப்போவிச் வெளியேற்றப்பட்டார். போகிற போக்கில் ஹேமனைக் கைகாட்டிவிட்டுப் போனார். மீதி ஆட்டத்தை ஹேமன் நடத்தினார். என்.பி.ஏ. சீசன் ஆட்டம் ஒன்றில் ஒரு பெண் தலைமைப் பயிற்சியாளர் இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. ஸ்பர்ஸ் 107–121 என்று தோற்றது. ஆனால் டைம்-அவுட்டில் அவர் பலகையைக் கையில் எடுத்தபோது யாரும் முகத்தைத் திருப்பவில்லை. ஆறு வருடமாகத் தினமும் தங்களோடு வியர்வை சிந்திய ஆளைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

அதற்கும் வெகுமுன்னால், 1997இல், வயலட் பால்மர் என்.பி.ஏ. நடுவராக விசிலோடு இறங்கினார். அப்போதும் இதே கேள்விதான் எழுந்தது. 2016 வரை 900க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். அவர் ஃபவுல் ஊதினால் ஃபவுல்தான்.

என் கதை இதில் ஒரு துளி. ஆனாலும் சொல்ல வேண்டும். நான் எங்கள் பள்ளிப் பையன்கள் அணியை எடுத்த முதல் வருடம், குறுவட்டப் போட்டிக்கு அழைத்துப் போனேன். ஸ்கோர் மேசையில் இருந்தவர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டு, “கோச் எங்கம்மா? கையெழுத்துப் போடணும்” என்றார். என் கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாய் திறப்பதற்குள், பக்கத்தில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் நிமிர்ந்தே பார்க்காமல் “இவங்கதான் சார் கோச்” என்றான். அவனுக்கு அது ஒரு செய்தியே இல்லை. காலை ஆறு மணிக்கு மைதானத்தைத் திறந்து, இடது கையால் லே-அப் போட நூறு தடவை ஓடவிட்டு, கணுக்கால் பிசகினால் ஐஸ் வைத்துக் கட்டுகிறவர் யாரோ, அவர்தான் அவனுக்குக் கோச். சந்தேகம் மேசைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அமெரிக்காவிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். தடை வீரர்களிடம் இல்லை, ஆளைத் தேர்ந்தெடுக்கிற அறையில் இருக்கிறது.

இன்னொன்று என்னை அதிகம் வருத்துகிறது. ஜேசன் கிட் புரூக்ளினில் ஒரு வருடம்தான் இருந்தார். மில்வாக்கிக்குப் போனார், 2018 ஜனவரியில் அங்கே நீக்கினார்கள். 2021இல் டல்லஸ் கூப்பிட்டது, 2024இல் அணியை இறுதிச் சுற்றுவரை கொண்டுபோனார். தோற்று, நீக்கப்பட்டு, மறுபடி கூப்பிடப்பட்டுத்தான் ஒருவர் நல்ல பயிற்சியாளர் ஆகிறார். ஆனால் முதல் பெண் ஒரு சீசன் தோற்றால் “பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்” என்பார்கள், நீயும் சொல்வாய். கிட் தோற்றபோது ஆண்களுக்கு இந்த வேலை வராது என்று யாராவது சொன்னார்களா? அந்தப் பெண்ணுக்கும் ஒரு மோசமான சீசன் இருக்கட்டும் முரளி. அதைத் தாண்டி வர அவகாசமும் இருக்கட்டும்.

ஹேமன் காத்திருக்கவில்லை. 2021 கடைசியில் லாஸ் வேகாஸ் ஏசஸ் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போகிறார் என்ற செய்தி வந்தது. 2022, 2023, 2025 என்று மூன்று கோப்பை. அதை ஆறுதல் பரிசு என்று நீ சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது முழு வேலை, முழு வெற்றி. அன்றைக்கு நீ ஆசையாகச் சொன்ன சோனியா ராமனும் அப்படித்தான். இந்தியாவிலிருந்து போன பெற்றோரின் மகள், சட்டம் படித்தவர், எம்.ஐ.டி.யில் 12 சீசன் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு 2020இல் மெம்பிஸ் கிரிஸ்லீஸின் உதவிப் பயிற்சியாளரானார். 2025இல் தலைமைப் பதவி கிடைத்தது, சியாட்டில் ஸ்டார்ம் பெண்கள் அணியில். இவர்களெல்லாம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறேன். முப்பது என்.பி.ஏ. அணிகளில் ஒன்றுகூட இவர்களில் ஒருவரைத் தலைமைப் பதவியில் அமர்த்தவில்லை என்பதையும் மறக்க முடியவில்லை.

வருகிற சனிக்கிழமை காலை எங்களுக்குப் பயிற்சி ஆட்டம். ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடு, என் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார். வரும்போது கூடைக்கு ஒரு ஜோடி வலை வாங்கி வா. கிணற்றுப் பக்கத்து ரிங்கில் கிழிந்து தொங்குகிறது, பந்து உள்ளே போனதா இல்லையா என்று பையன்களுக்குள் தினமும் சண்டை.

அன்புடன்,
அக்கா